வாஷிங்டன் வீட்டுத் தூணும் மாப்பிள்ளை வீட்டுத் தூணும்!

"கல்லு இல்லடா கண்ணு... இது பலகை!"

மவுன்ட் வெர்னன் மாளிகையின் சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் சொன்னார். பேத்தி நம்பவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருமே நம்ப மாட்டார்கள். சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைக் கற்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய மாதிரிதான் இருக்கிறது. கற்களுக்கு நடுவே பள்ளமான கோடு, மேற்பரப்பில் சொரசொரப்பு எல்லாம் உண்டு. ஆனால், அத்தனையும் பைன் மரம்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு இது. வர்ஜீனியா மாநிலத்தில், போட்டோமாக் நதிக்கரையில், தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 15 மைல் தூரத்தில் இருக்கிறது. கல் வீடு கட்ட ஆசை, கையில் இருந்ததோ மரம். 1758-ல் வீட்டைப் பெரிதாக்கியபோது ஒரு வித்தை செய்தார்கள். பலகைகளின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி கல் இடுக்கு மாதிரி பள்ளம் காட்டினார்கள். மேலே பெயின்ட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே மணலை அள்ளி வீசினார்கள். காய்ந்ததும் கல் தயார்!

"ஏமாத்து வேலைதான். ஆனா சுத்தமான ஏமாத்து" என்றார் பெரியவர். சொல்வதற்கு அவருக்குத் தகுதி உண்டு. காரைக்குடியில் 40 வருஷம் உளியும் இழைப்புளியுமாக வாழ்ந்தவர். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைத் துடைத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி நிறுத்தியதெல்லாம் அவர் கை. மகளைப் பார்க்க மனைவியோடு மூன்று மாசம் அமெரிக்கா வந்திருக்கிறார். மகள் வீடு இதே ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில்தான். காரில் அரை மணி நேரம்.

வந்த முதல் நாளே அவருக்கு ஒரு அதிர்ச்சி. மகள் வீட்டு வாசலில் நம் ஊர் திண்ணை மாதிரி ஒரு போர்ச். அதன் கூரையைத் தாங்க நான்கு தூண்கள், வெள்ளை வெளேரென்று, சதுரமாக, கம்பீரமாக நிற்கின்றன. பழக்க தோஷம், போய் விரலால் தட்டினார். 'டொக் டொக்'கென்று காலி டப்பா சத்தம்.

"என்ன மாப்பிள்ளை, தூணுக்குள்ள ஒண்ணுமே இல்லியே?"

"உள்ளே வேற தூண் இருக்கு மாமா. இது அதுக்குப் போட்ட சட்டை."

அமெரிக்க வீடுகளில் இது சர்வ சாதாரணம். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் பைன் கட்டை. கரையான், பூஞ்சை வராமலிருக்க மருந்து ஏற்றியது. பச்சையும் பழுப்புமாக, வெடிப்பு விட்டு, பார்க்கச் சகிக்காது. அதனால் நான்கு பக்கமும் பலகை வைத்துச் சுற்றி மூடிவிடுவார்கள். பளபளப்பு வெளிப்பலகைக்கு, பாரம் உள்கட்டைக்கு. ஒரே மரத்தில் தூண் கடைந்து பழகிய காரைக்குடிக் கைக்கு இது ஜீரணமாக நாலு நாள் ஆயிற்று.

மவுன்ட் வெர்னன் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய நாள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான்கு தூண்களில் ஒன்றின் சட்டை, மூலையில் வாய் பிளந்திருந்தது. புதுப் பலகை போடலாம் என்று மாப்பிள்ளை சனிக்கிழமை காலை கடப்பாரையும் கையுமாக இறங்கினார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். ஆனால், அங்கே எல்லோருமே கொஞ்சம் தச்சர், கொஞ்சம் பிளம்பர். கூலி அப்படி! பழைய பலகையைப் பெயர்த்ததும் உள்ளே இருந்த கட்டையின் அடிப்பாகம் தெரிந்தது. ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்துப்போய், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் இரண்டு அங்குலம் தானாக உள்ளே போயிற்று.

காரணம் பெரியவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்பு யாரோ சட்டைப் பலகையைத் தரையில் முட்டும்படி இறக்கி, அடியில் சுற்றிலும் பசை பூசி அடைத்திருக்கிறார்கள். திறந்த மூலை வழியாக உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லை. கட்டையும் சிமென்ட் தரையில் நேராக உட்கார்ந்திருந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து உளுத்துவிட்டது. வெளியே பெயின்ட் மட்டும் ஜம்மென்று இருந்தது.

"கடையில ஒரு மருந்து விக்கிறான் மாமா. ஓட்டையில ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும். மேலே புதுப் பலகையைச் சுத்திட்டா வெளியே தெரியவே தெரியாது" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வீட்டில் மாமனார் எவ்வளவு வாய் திறக்கலாம்? அதற்கு எந்த மூலைமட்டமும் கிடையாது. பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாலேயே 'சும்மா இருங்க' என்றார்.

"சரி மாப்பிள்ளை. இன்னிக்கு மட்டும் பக்கத்துல ஒரு முட்டுக் கொடுத்து வைப்போம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கடையிலிருந்து ஒரு கட்டை வாங்கி வந்தார்கள். தரையில் பலகை போட்டு, அதன்மேல் கட்டையை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து இறுக்கினார். அந்த முட்டோடுதான் போர்ச் சனிக்கிழமை ராத்திரியைக் கழித்தது.

மறுநாள் மவுன்ட் வெர்னன்.

அலெக்சாண்ட்ரியா ஊரைத் தாண்டியதும் நதியை ஒட்டியே போகிறது சாலை. வாஷிங்டனின் 200-வது பிறந்த ஆண்டான 1932-ல் போட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரங்கள். அக்டோபர் மாசம் என்றால் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகிவிடும். கார் இல்லாதவர்கள் மெட்ரோ ரயிலில் ஹன்டிங்டன் நிலையம் வரை வந்து பஸ் பிடிக்கலாம். வருஷத்தின் 365 நாளும் திறந்திருக்கும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக்குள் நுழைந்தால் நடுக்கூடத்தில் பாரிஸ் பாஸ்டில் சிறையின் சாவி தொங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மக்கள் தகர்த்த சிறை. அதன் சாவியை லஃபாயெட் 1790-ல் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். எல்லோரும் அதை அண்ணாந்து பார்க்க, பெரியவர் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹோகனி மாதிரி இருக்கிறது, மஹோகனி இல்லை. சாதா மரத்தின் மேல் தூரிகையால் மஹோகனி ரேகையை வரைந்திருக்கிறார்கள். "இந்த மனுஷனுக்கு வேஷம் கட்டுறதுல அவ்வளவு ஆசையா?" என்று சிரித்தார்.

பின்பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. நதியைப் பார்த்த மாதிரி இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தாழ்வாரம். எட்டுச் சதுரத் தூண்கள், வரிசையாக நாற்காலிகள், கீழே புல்வெளி, அதற்கும் கீழே அகலமான போட்டோமாக். எதிர்க்கரையில் மேரிலாந்து மாநிலத்தின் காடு. இந்தக் காட்சி கெடக்கூடாது என்பதற்காகவே அங்கே கட்டடம் வராமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்காரலாம். சிலர் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தாழ்வாரம் எழும்பியது 1777-ல். வாஷிங்டன் அப்போது வீட்டிலேயே இல்லை. பிரிட்டிஷாரை எதிர்த்துப் போர்க்களத்தில் இருந்தார். தூரத்து உறவினர் லண்ட் வாஷிங்டன்தான் ஊரில் இருந்து வேலையைக் கவனித்துக்கொண்டார். அமெரிக்காவில் மிக அதிகமாக நகல் எடுக்கப்பட்ட வீட்டு முகப்புகளில் இது ஒன்று. வெள்ளைச் சதுரத் தூண் வைத்த வாசல்களைப் பார்த்தால் இந்த வீட்டின் சாயல் தெரியும். மகள் வீட்டுப் போர்ச்சுக்கும் இது ஒன்றுவிட்ட பாட்டன் மாதிரிதான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி மாப்பிள்ளை செல்போனில் வரலாற்றைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று இந்த வீட்டில்தான் இறந்தார். அதற்குப் பிறகு வீடு சொந்தக்காரர்கள் கைக்குக் கை மாறியது. பெயர் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. 1853-ல் லூயிசா கன்னிங்ஹாம் என்ற தென் கரோலினா பெண்மணி ஒரு நிலா இரவில் படகில் இந்தப் பக்கம் போனார். மவுன்ட் வெர்னனைத் தாண்டும்போது படகுகள் மரியாதைக்கு மணி அடிப்பது வழக்கம். மணி சத்தம் கேட்டு மேல்தளத்துக்கு வந்தவர் கண்டது பெயின்ட் உரிந்து, களையிழந்து நின்ற வீடு. தேசத்தின் ஆண்களால் முடியாவிட்டால் பெண்கள் காப்பாற்றக் கூடாதா என்று மகளுக்குக் கடிதம் எழுதினார்.

மகள் ஆன் பமீலா கன்னிங்ஹாம், குதிரையிலிருந்து விழுந்ததில் அடிபட்டு உடல் நலிந்தவர். அந்த நிலையிலும் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். மத்திய அரசும் வர்ஜீனியா அரசும் வேண்டாம் என்று கைவிரித்த வீடு இது. விலை 2 லட்சம் டாலர். எட்வர்ட் எவரெட் என்ற பேச்சாளர் ஊர் ஊராகப் போய் வாஷிங்டனைப் பற்றிப் பேசியே சுமார் 69,000 டாலர் திரட்டிக் கொடுத்தார். 1858-ல் ஒப்பந்தம், 1860-ல் வீடு பெண்கள் கைக்கு வந்தது. இன்றைக்கும் அதே சங்கத்தின் வீடுதான். அரசாங்கப் பணம் வாங்குவதில்லை.

"இந்தப் போட்டோவைப் பாருங்க மாமா" என்று செல்போனை நீட்டினார் மாப்பிள்ளை.

சங்கம் வாங்கிய காலத்துப் புகைப்படம். இதே தாழ்வாரம், ஆனால் தூண்கள் சில கெட்டுப்போயிருக்கின்றன. கூரை விழாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதால்? கப்பலின் பழைய பாய்மரக் கம்பங்களால்! கோணலும் மாணலுமாகக் கம்பங்கள் நிற்க, அதன்மேல் ஒரு தேசத்தின் முதல் ஜனாதிபதி வீட்டுக் கூரை.

பெரியவர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் போனைத் திரும்பக் கேட்கவில்லை. வீடு கைக்கு வந்ததும் சங்கம் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இந்தத் தூண்களைச் சீர்செய்தது.

"இதெல்லாம் இழைச்சது யாராம்?" என்று கேட்டார் கடைசியில்.

அது இன்னொரு கதை. கூலிக்கு வந்த தச்சர்கள் உண்டு. அவர்களோடு, கூலியே இல்லாமல் வேலை செய்த அடிமைத் தச்சர்களும் உண்டு. 1799-ல் மவுன்ட் வெர்னனில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் வாஷிங்டனுக்குச் சொந்தமான 123 பேருக்கு அவருடைய உயில்படி விடுதலை கிடைத்தது. மற்றவர்களுக்கு அந்த உயில் செல்லவில்லை, குடும்பங்கள் பிரிந்தன. அப்படி விடுதலை பெற்றவர்களில் ஒருவர், ஆப்பிரிக்காவில் பிறந்த தச்சர் சாம்போ ஆண்டர்சன். பிற்பாடு துப்பாக்கி வாங்கி, பறவை வேட்டையாடி, அலெக்சாண்ட்ரியாவில் ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் விற்றுப் பிழைத்தார்.

வாஷிங்டன் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. மரங்களுக்கு நடுவே அடிமைகளின் இடுகாடு. எந்தக் குழி யாருடையது என்று ஒரு பெயரும் இல்லை. 1929-ல் ஒரு கல் வைத்தார்கள். 1983-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னம் வந்தது. செங்கல் வட்டங்களின் நடுவே சாம்பல் நிறக் கிரானைட் தூண் ஒன்று நிற்கிறது. மேல்பாகம் வெட்டுண்ட, பாதித் தூண். முடியாமல் நின்ற வாழ்க்கைகளுக்கு அடையாளம். அதற்குப் பெயின்ட் இல்லை, மணல் இல்லை, சட்டை இல்லை.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தூணைத் தொட்டார். "இது கல்லுதான் தாத்தா" என்றாள் பேத்தி.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து, "வியாழக்கிழமை ஆள் வர்றான் மாமா. கட்டையையே மாத்திடலாம்" என்றார். மருந்து ஊற்றும் பேச்சு அத்தோடு போயிற்று. பின் சீட்டிலிருந்த அத்தையம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு.

வியாழக்கிழமை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வந்தார். திருகி உயர்த்தும் இரும்பு முட்டு வைத்து, கூரையை ஒரு நூல் அளவு தூக்கி, பழையதை எடுத்துவிட்டுப் புதுக் கட்டையை நிறுத்தினார். அதன் காலில் ஒரு இரும்புப் பாதம். கட்டை தரையைத் தொடாமல் ஒரு அங்குலம் மேலே நிற்கிறது. பெரியவர் குனிந்து பார்த்து, "நம்ம ஊர்ல இதுக்குத்தான் தேக்குத் தூணுக்குக் கீழே கல்லு வைக்கிறது" என்றார். மாப்பிள்ளை அதை ஒப்பந்தக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் பெரியவரோடு கை குலுக்கினார்.

சனிக்கிழமை சட்டை தைக்கும் வேலை.

இந்த முறை பி.வி.சி. பலகை. உளுக்காது, தண்ணீர் குடிக்காது. முக்கால் அங்குலக் கனம். கட்டை கடையில் ஆறங்குலம் என்று விற்றாலும் இழைத்த பிறகு ஐந்தரை அங்குலம்தான். சட்டையின் உள் அளவை ஆறங்குலமாக வைத்தார்கள். இரண்டு பக்கமும் பலகைக் கனம் சேர, வெளி அளவு ஏழரை. உள்ளே இருக்கும் அரை அங்குல இடைவெளி வீண் இல்லை. எந்தக் கட்டையும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்காது. அது சற்றுச் சாய்ந்தாலும் சட்டை ரசமட்டத்துக்கு நிற்க அந்த இடம் வேண்டும்.

ஒரு பலகை ஓரத்தின் மேல் இன்னொரு பலகையை முட்டவிட்டால் வேலை சுலபம். ஆனால், பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது பலகையின் கனம் கோடாகத் தெரியும். அதற்குத்தான் மைட்டர் வெட்டு. போட்டோ ஃபிரேமின் மூலை மாதிரி இரண்டு ஓரத்தையும் 45 டிகிரி சாய்த்து அறுத்துச் சேர்ப்பது. இங்கே முழு எட்டடி நீளத்துக்கும் அந்தச் சாய்வு வேண்டும். நான்கு பலகை, எட்டு ஓரம். ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தவறினால் மொத்தம் நான்கு டிகிரி. கடைசி மூலை வாய் திறந்துகொள்ளும்.

"மொதல்ல துண்டுப் பலகையில அறுத்துப் பாருங்க மாப்பிள்ளை."

நான்கு துண்டு அறுத்துச் சேர்த்தார்கள். ஒரு மூலையில் மயிரிழை வெளிச்சம். ரம்பத்தின் சாய்வைத் திருத்தி மறுபடி நான்கு. மூன்றாவது தடவைதான் நாலு மூலையும் மூடியது. ஒரு காலைப்பொழுது இதிலேயே போயிற்று. நல்ல பலகையில் கை வைக்கப் பெரியவர் அதுவரை விடவில்லை.

பிறகு நடந்ததுதான் அழகு. நான்கு பலகையையும் வெளிப்பக்கம் மேலே தெரிய, கூர் ஓரங்கள் ஒட்டினாற்போல் வரிசையாகப் படுக்கப் போட்டார்கள். மூன்று சேர்க்கையின் மேலும் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினார்கள். அப்படியே மொத்தத்தையும் பாய் திருப்புவது மாதிரி கவிழ்த்தால், ஓரங்களுக்கு நடுவே 'வி' வடிவப் பள்ளம். அதில் பசை விட்டு, தூக்கிக்கொண்டு போய் கட்டையைச் சுற்றி மடித்தார்கள். தாழம்பாயைச் சுருட்டுவது போல மூன்று மூலைகள் தானாக வந்து கூடின. நான்காவது மூலைக்குப் பசை தடவி, டேப்பும் கிளாம்ப்பும் போட்டு இறுக்கினார்கள். பிதுங்கி வந்த பசையைப் பேத்தி ஈரத்துணியால் துடைத்தாள்.

பலகையைத் தரையில் நேராக உட்கார வைக்கவில்லை. அடியில் கால் அங்குலம் இடைவெளி வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அமெரிக்கத் தச்சர்கள் வைத்திருக்கும் தட்டையான பென்சிலின் கனம் கிட்டத்தட்ட அதேதான். நான்கு பக்கமும் ஆளுக்கொரு பென்சிலாகச் செருகி, அதன்மேல் சட்டையை நிறுத்தியிருந்தார் பெரியவர். பசை இறுகியதும் உள்ளே ஆப்பு கொடுத்து, மேலே திருகாணி போட்டு, ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. அடிப்பட்டியும் மைட்டர் வெட்டிலேயே சுற்றி வந்தது. அதையும் பென்சில் உயரத்துக்கே நிறுத்தினார்கள். அடியில் பசை பூசி அடைக்க மாப்பிள்ளை டியூபை எடுக்கவே இல்லை.

பேத்தி தூணைத் தட்டினாள். 'டொக் டொக்.'

"காலியா இருக்கே தாத்தா?"

"உள்ளே ஆள் நிக்கிறான். போர்ச்சைப் பிடிச்சுக்கிட்டு."

பெரியவர் குனிந்து பென்சில்களை ஒவ்வொன்றாக உருவினார். மூன்று சுலபமாக வந்துவிட்டன. நான்காவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. அசைத்து அசைத்து எடுத்து, மேல் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டுக் காதில் செருகிக்கொண்டார். பிறகு அந்த இடைவெளியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது மறுபக்கம் வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தார்.